மண்ணுக்குள் போகாத வயர்

மிஸ்ஸி, இன்று காலை கப்பல்துறையில் ஒரு புது வீட்டின் வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். கொன்ராக்டர் ஒரு பல்பை எடுத்து, ஒரு முனையைக் கரண்ட் வயரிலும் மறுமுனையை எர்த் வயரிலும் தொட்டுக் காட்டினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. "பாருங்கோ ஐயா, எர்த் நல்லா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதே வித்தையை அதே முகத்தோடு உங்களுக்குக் காட்டியவன் நான்.

அது சண்டைக் காலம். ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த உங்களைத் தெருவே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். துறைமுகப் பக்கம் இருந்த உங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவன் நான். நீங்கள் பிரிட்ஜ் வாங்கியது உங்களுக்காக அல்ல. சண்டையில் பாதை மூடி மருந்து வராத நாளிலும் தெருவிலுள்ள சீனி வருத்தக்காரருக்குக் கெடாத இன்சுலின் இருக்க வேண்டும் என்பதற்காக. வெறுங்காலோடும் ஈரக் கையோடும் சனம் வந்து திறக்கப்போகிற கதவு அது. அது தெரிந்துதான் நான் அந்தக் கள்ள வேலையைச் செய்தேன்.

எர்த் வயர் வளவுக்குள் அடித்து இறக்கிய ஒரு நீளக் கம்பியில் போய் முடிய வேண்டும். அப்போதுதான் ஒழுகுகிற கரண்ட் மனிதரை விட்டுவிட்டு மண்ணுக்குள் போகும். அந்த நாளில் எங்களில் ஒருவரும் கம்பி அடிப்பதில்லை. தெருவுக்குத் தெரு ஆமியின் காவல் சென்றி; அதற்கு முன்னால் நிலத்தைக் கிண்டினால் என்ன புதைக்கிறாய் என்று வருவார்கள். தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டியவரையே இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். ஆகவே எர்த் வயரை மீற்றர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நியூட்ரல் வயரோடு முறுக்கிவிடுவோம். பல்ப் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. வெளியே அந்த நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜ் கதவு முழுக்கக் கரண்ட் ஏறும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பல்பைப் பார்க்கவேயில்லை. "அண்ணை, இந்த வயர் மண்ணுக்குள்ள போற இடத்தைக் காட்டுங்கோ" என்றீர்கள். நான் மழுப்பினேன். "வார்டில கருகின கையை நான் கழுவினனான். எனக்குக் கதை சொல்லாதேங்கோ. போற இடம் எங்கை?"

உண்மையைச் சொன்னேன். "சென்றிக்கு முன்னால ஏலாது மிஸ்ஸி. நிலைமை தெரியும்தானே."

நிலைமை என்று சொன்னால் எதற்கும் மன்னிப்புக் கிடைத்த காலம். நீங்கள் தரவில்லை. "உங்கட பயத்தை என்ர சுவருக்குள்ள வைச்சுப் பூசாதேங்கோ. கம்பியைக் கொண்டு வாங்கோ. ஒளிச்சு இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு, எல்லாரும் பாக்க."

மறுநாள் வெள்ளைச் சீருடையோடு தெருவைக் கடந்து சென்றிக்குப் போனீர்கள். வார்டில் பழகிய சிங்களத்தில், கெஞ்சாமல், மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல விஷயத்தைச் சொன்னீர்கள். அங்கிருந்து உங்களோடு வளவுக்கு வந்த ஆமிக்காரன் கம்பியைத் தட்டிப் பார்த்தான், புரட்டிப் பார்த்தான். பிறகு துவக்கை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் குந்தினான். அடி என்று கையைக் காட்டினான்.

ஒரு கையில் கம்பியும் மறுகையில் சுத்தியலுமாக அடிக்கப் பார்த்தேன். கம்பி நிமிர்ந்து நிற்கவில்லை. நீங்கள் முழங்காலில் இருந்து அதை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். "நான் பிடிக்கிறன். அடியுங்கோ அண்ணை." நாலாவதோ ஐந்தாவதோ அடி தவறி உங்கள் பெருவிரலில் விழுந்தது. ஆமிக்காரன் சட்டென்று எழும்பினான். நீங்கள் கத்தவில்லை, கையையும் எடுக்கவில்லை. "ஒண்டுமில்லை. அடியுங்கோ." கம்பி ஆழமாக ஊன்றும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு நியூட்ரலோடு முறுக்கியதை அவிழ்த்து, எர்த் வயரை அந்தக் கம்பியில் கட்டினேன்.

முடிந்த பிறகு விரலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "இதுக்கு முதல் செய்த வீடுகள்?"

பதினொரு வீடுகள் மிஸ்ஸி. அன்றைக்கு உங்கள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் போனேன். பட்டப்பகலில் ஒவ்வொரு சென்றியிலும் போய்க் கேட்டேன். இரண்டு இடத்தில் ஏச்சு, ஒரு இடத்தில் அறை. அறை வாங்கிய இடத்துக்கு மறுபடியும் போனேன். பதினொன்றிலும் கம்பி இறங்கியது. அந்த மாரி மழையில் மரம் விழுந்து எங்கள் தெருவின் நியூட்ரல் அறுந்தது. அன்று பின்னேரம் ஒரு மனிசி ஈரக் கையோடு வந்து, உங்கள் பிரிட்ஜைத் திறந்து, மருந்தை எடுத்துக்கொண்டு போனார். தான் எதிலிருந்து தப்பினார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் உங்கள் குசினி வாசலில் நின்று அழுதேன்.

சண்டை முடிந்து எவ்வளவோ காலம். நீங்கள் கண்ணை மூடியும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்று அந்தக் கொன்ராக்டரிடம் கேட்டேன்: "வயர் மண்ணுக்குள்ள போற இடத்தைக் காட்டும்." அவருடைய முகம் சுருங்கியது.

"கல்லு நிலம் ஐயா, கம்பி இறங்காது. எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். நீங்கள் கையெழுத்துப் போடாட்டி வேற ஆள் போடுவார்."

"போடட்டும். நான் போடன். கம்பி இருக்கோ?"

"ஓம், இருக்கு. பிடிக்க ஆள் இல்லை."

சுற்றிப் பார்த்தேன். சென்றி இல்லை, துவக்கு இல்லை, கேட்பாரும் இல்லை. இவருக்கு நிலைமை என்று சொல்லக்கூட வழியில்லை. வளவின் மூலையில் முழங்காலில் இருந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஐயா, கையில படும்."

"படட்டும். அடியும்."

கம்பி இறங்கி, எர்த் வயரை அதில் கட்டி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் பேனையைத் திறந்தேன்.