ஓசோன் பார்க்கிறவர்களுக்குச் சோறு போடுகிறவருக்கு

திருப்பூர்,
நவம்பர் 6

அன்புள்ள மச்சானுக்கு, ஷாஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரைசாவும் நானும் சுகம். அந்த அண்டார்டிகாப் பனிக் கண்டத்தில் நீங்கள் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம்.

போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்களுக்குச் சாமான் கொண்டு வருகிற கப்பலில் வீட்டுக் கடிதங்களையும் அனுப்புவார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

போன வாரம் மாமியின் பழைய ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. முதலிபாளையத்திலிருந்து மெக்கானிக் சகாயராஜ் அண்ணன் வந்து, உள்ளே இருந்த கேஸைத் திறந்துவிடாமல் ஒரு சிலிண்டரில் பிடித்துக்கொண்டார். "முன்னெல்லாம் காத்துல உட்டுப்போடுவோமுங்க. ஓசோன் ஓட்டையாகுதுன்னு எல்லா நாடும் சேந்து வேண்டாம்னுட்டாங்க" என்றார். உடனே ரைசா, "எங்க அத்தா அந்த ஓட்டைக்குக் கீழதான் சமைக்கறாரு" என்றாள். அவர் சிரிக்கவில்லை. "அப்பிடீங்களா கண்ணு? நாங்களும் இங்க பாத்துக்கறோம்னு அத்தாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

ஓசோனை அளக்கப் பலூன் விட்ட அன்று பக்கத்து முகாம் ரஷ்யாக்காரர்களுக்கும் சேர்த்து நீங்கள் பிரியாணி போட்டது, அவர்கள் எடுத்த அளவையும் நம்மவர்கள் எடுத்த அளவையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தது, எல்லாம் எங்கள் பனியன் கம்பெனியில் என்னோடு துணி செக்கிங் பார்க்கிற பெண்களுக்கு மனப்பாடம். "அந்த ஓட்டை எப்பத்தான் மூடுமாம்?" என்று பூங்குழலி அக்கா கேட்டார். இன்னும் நாற்பது வருஷமாகும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சொன்ன பிறகு கையிலிருந்த துணி கண்ணுக்குத் தெரியவில்லை.

போன தடவை போனில், இன்னொரு வருஷம் அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். "உங்க இஷ்டமுங்க" என்றேன். அப்போது மாமி என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பக்ரீதுக்குப் பிறகு மாமிக்குச் சோறு இறங்குவதில்லை, கஞ்சிதான். தொண்டையில் கட்டி என்கிறார் கோயமுத்தூர் டாக்டர். போனில் உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிரியாணிக் கதையை மட்டும் தினமும் கேட்கிறார். "என் மவன் அஸ்ஃபாக்கு எத்தனை படி அரிசி போட்டானாம்?" என்பார். நான் ஒவ்வொரு நாளும் ஒரு படி கூட்டிச் சொல்கிறேன்.

உங்கள் வேலையைச் சின்னதென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உலகத்துக்காகப் பாடுபடுகிறவர்களுக்கும் பசிக்குமே. ஆனால் அடுத்த வருஷம் அங்கே வேறொருவர் உலை வைப்பார். இந்தக் கப்பல் திரும்பும்போது நீங்களும் ஏறிவிடுங்கள். மாமி காத்திருக்கிறார். மாமி மட்டும்தான் என்று படித்துவிடாதீர்கள்.

வழி நெடுகக் கடலை அல்லாஹ் அமைதியாக்கித் தரட்டும்.

உங்கள்
ஷாஹிதா