கடவுச்சொல்லும் கரையிறங்கும் விண்ணப்பமும்

அன்புள்ள றோஸ்,

மாதா காவலில் நான் சுகம். வயிறு மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகம். உமது முழங்கால் வலி எப்படி? மகள் லதுஷா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

திருகோணமலைத் துறைமுகத்தில் மறித்து வைத்திருக்கும் இந்தக் கப்பலுக்கு, நானும் சமையல்கார ஸைனுலாப்தீன் காக்காவும்தான் காவல். நத்தார்ப் பண்டிகைக்கு விடுமுறையில் இறங்குவதென்றால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமாம். கப்பல் கணினியோ லினக்ஸ், அதில் பிரவுசரே இல்லை. "எனக்குத் தெரியும் காக்கா" என்று வாயை விட்டேன்.

பிரவுசரை இறக்கக் கம்பனிக்காரர் போனில் சொன்ன கட்டளையைக் காக்கா ஒற்றை விரலால் தட்டினார். கடவுச்சொல் கேட்டது. தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் விழவில்லை.

"கீபோர்ட்ல உப்புப் புடிச்சிட்டு தம்பி."

"ஓம் காக்கா" என்று நானும் அதைக் கழற்றித் துடைத்து வெயிலில் காயவைத்தேன். கடவுச்சொல்லைக் கணினி திரையில் காட்டாமலே வாங்கிக்கொள்ளும் என்று கம்பனிக்காரர் சிரித்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது.

"காட்டாட்டி எப்பிடி நம்புற?"

"நம்பித் தட்டுங்க காக்கா."

பிரவுசர் வந்தது, விண்ணப்பமும் திறந்தது. ஒருவர்தான் இறங்கலாம், மற்றவர் கப்பலிலேயே நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. காக்கா என் பெயரைத் தட்டத் தொடங்கினார். கண் ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருப்பவர் அவர். அழித்துவிட்டு அவர் பெயரை நானே தட்டி அனுப்பினேன்.

ஆகவே நத்தாருக்கு வர ஏலாது, றோஸ். மிளகாய்த்தூளும் பழைய றேடியோவும் அனுப்பிவிடும். அதுவாவது என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்.

இக்கடிதத்தைக் கொண்டுபோகும் தண்ணீர்ப் படகு வெளிக்கிடுகிறது. போனில் சொன்னால் என் குரலில் இருப்பதைப் பிடித்துவிடுவீர், அதுதான் எழுதினேன்.

உமது
றொபேட்