யாளித் தறிக்கு மேலே ஒரு பலகை

அக்கா,

இன்று காலை சின்ன முதலாளி யாளித் தறிக்கு மேலே மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைத் தன் கையாலேயே கழற்றினான். மார்க்கர் மையின் வாடை குப்பென்று அடித்தது. நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. இன்னமும் அந்த வாடைக்கு உன் முகம்தான் வருகிறது.

அந்த மாதிரிப் பலகை முதலில் வந்தது, ஊடைநூலைக் குச்சியில் சுற்றும் தார்க் கூடத்துக்கு. சென்னையில் ஏதோ வகுப்புக்குப் போய்வந்தவன், ஒரு நாளைக்கு யார் எத்தனை தார்க்குச்சி சுற்ற வேண்டும் என்று பெயர் போட்டு எழுதினான். பொய் சொல்லக் கூடாது, வேலை பறந்தது. களம்பூரிலிருந்து ஆரணி பஸ்ஸில் தூங்கிவழிந்து வருகிறவர்கள்கூடச் சுறுசுறுப்பானார்கள். "நம்பரப் பாத்தா கை தானா ஓடுதுடி" என்று நீயே சிரித்தாய். குச்சியில் பட்டு நூலைச் சுற்றுவதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. யாளி டிசைன் தறிக்கு மேலேயும் ஒரு பலகையை மாட்டினான்.

அந்தத் தறிக்காக நீ எவ்வளவு ஏங்கினாய்! "ஒரு தடவையாச்சும் பெரிய டிசைன் என் கையால எறங்கணும்" என்று சர்ச்சிலும் அதையேதான் வேண்டினாய். கடைசியில் உன்னையே அதில் உட்காரவைத்தான். நம் கூடத்தில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படிதான் நெய்வோம். கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். புது டிசைன் என்றால் கொஞ்சம் நெய்வதும், தறிக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பதும், பிரித்து மறுபடி நெய்வதுமாகத்தான் நகரும். நீயும் அப்படித்தான் ஆரம்பித்தாய். முதல் யாளியின் கால்கள் சரியாக விழுவதற்குள் உன் பெயருக்கு நேரே சிவப்பு மை ஏறிவிட்டது.

"எல்லாரும் டார்கெட் முடிச்சிட்டாங்க. நீங்க இன்னாக்கா, கண்ணாடி பாத்துகினே உக்காந்துகினு இருக்கீங்க?"

"புதுசு தம்பி. மொதல்ல கை படியட்டும். கணக்க அப்பால வெச்சிக்கலாம்."

"ஜல்தி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான், அத்தனை பேர் முன்னாலும். மறுநாளிலிருந்து நீ கண்ணாடியைத் தொடவே இல்லை. குறித்த அளவை எட்டினாய். அவன் கைதட்டினான்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து விரித்தபோது, எல்லா யாளிக்கும் வாய்ப் பக்கம் ஜரிகை பிடிக்காமல் தொங்கியது. கண்ணாடியை ஒரு தரம் நீட்டியிருந்தால் முதல் யாளியிலேயே தெரிந்திருக்கும். "உங்களுக்கு தார் வேலதான் செட்டாவும்" என்றான். நீ தார்க் கூடத்துக்கே திரும்பினாய். மாரடைப்பு வந்து போகிறவரை அங்கே நீதான் முதல். உனக்கு அவன் கைதட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உன் அடக்கத்துக்கும் வந்தான். "எங்க கம்பெனியில டார்கெட்டத் தவறவிடாத ஆளு" என்று பாஸ்டரிடம் சொன்னான்.

இன்று பலகையைக் கழற்றிவிட்டு, வேறொரு வகுப்பில் கேட்டதை எங்களுக்குப் பாடம் எடுத்தான். சுலபமான வேலைக்குத்தான் எண்ணிக்கை வைக்க வேண்டுமாம். சிக்கலான புது வேலைக்கு, முதலில் கற்றுக்கொள்வதுதான் இலக்காக இருக்க வேண்டுமாம்.

"இதத்தானே சார் எங்கக்கா அன்னிக்குக் கேட்டுச்சி?" என்றேன்.

"அப்ப எனக்குத் தெரியலம்மா" என்றான். அவ்வளவுதான்.

நீ இருந்தால், "பேஜார் பண்ணாத, போவுது விடுடி" என்பாய். நாளைக்கும் அவனுக்கு வணக்கம் வைக்கத்தான் போகிறேன், பிழைப்பு அங்கேதானே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், எங்களுக்குத் தப்புச் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்கிற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன், அக்கா.