சட்டை தேடிய பத்து நிமிடம்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? லீட்ஸில் இப்போதே குளிர் வந்துவிட்டது.

இங்கே என்ன வேலை என்று கேட்பீர்களே, ஆம்புலன்ஸை எங்கே நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான். போன வாரம் நம் கோவளத்தையே எடுத்துக்கொண்டேன். அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அந்தச் சாயங்காலத்தை. பக்கத்தில் இருந்த ஒரே வண்டி ஒரு விபத்துக்காகத் திருப்போரூர் போயிருந்ததையும் சேர்த்தேன்.

"அவருக்கு போட்டுவுட சட்டைய தேடிகினு பத்து நிமிசம் லேட்டா போன் பண்ணேன்டி. நான்தான் அவர கொன்னுட்டேன்" என்று மூன்று வருடமாகச் சொல்கிறீர்கள். பத்து நிமிடம் முன்னாலேயே நீங்கள் கூப்பிட்டதாக வைத்து ஆயிரம் முறை ஓட்டினேன், அம்மா. ஒரு முறைகூட அந்த வண்டி அத்தாவின் மூச்சு நிற்பதற்குள் வரவில்லை. உங்கள்மேல் தவறே இல்லை.

பிறகு கோவளம் பஸ் ஸ்டாண்டில் இன்னொரு வண்டியை நிறுத்திப் பார்த்தேன். எட்டே நிமிடத்தில் நம் வாசலுக்கு வந்துவிட்டது. நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வேறொன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

சுஹைப் மாமா அடுத்த மாதம் இங்கே வருகிறாராம். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். போர்த்திக்கொள்ள நீங்கள் கட்டிய புடவை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம்.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்
மஹீரா