வெண்டைக்காய் சீல்

பிப்ரவரி 3

விசா வந்துவிட்டது. டிக்கெட் 18ஆம் தேதிக்கு. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி, நர்ஸ் வேலை, இரண்டு வருஷம். புயலில் உப்புப் பாத்தியெல்லாம் சேறு மூடிக் கிடக்கிறது, இவருக்கு இந்த சீசனில் சரியாக வேலையே இல்லை. நான் போனால்தான் ஆகும். எல்லாம் சரி, செந்தமிழுக்கு யார் சொல்வது? ஏழு வயசுப் பிள்ளை. நான் நைட் டூட்டி போனாலே மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"கெளம்புறதுக்கு மொத நாளு சொல்லிக்கலாம் பிரியா" என்கிறார் அறிவழகன். கரண்ட் பில்லையே கடைசி நாளில் கட்டுகிற மனுஷன், வேறென்ன சொல்வார்!

பிப்ரவரி 7

கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, வெண்டக்கா வேணும். நல்லா முத்தினதா." எதுக்குடி என்றால் பாஸ்போர்ட்டுக்காம்! சகாயசெல்வி டீச்சர் செய்யச் சொல்லியிருக்கிறார். வெள்ளைத் தாளை எட்டாக மடித்து நடுவில் கத்தரித்தால் குட்டிப் புத்தகம். மேலே நீல அட்டை, உள்ளே போட்டோ. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு அழுத்தினால் பூப் போட்ட சீல். உட்கார்ந்த இடத்திலேயே ஊர் ஊராகப் போய் வரலாமாம்.

"எந்த ஊருக்குடி போறே?"

"ஜப்பான். அப்புறம் நம்ம கூனிமேடு."

சிரிக்க வேண்டிய இடம். எனக்கோ 18ஆம் தேதிதான் நினைவுக்கு வந்தது. இந்த டீச்சருக்கு வேறு விளையாட்டே கிடைக்கவில்லையா?

பிப்ரவரி 8

தரை, தலையணை உறை, அவள் மூக்கு — எல்லாம் நீல மை.

பிப்ரவரி 12

ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்த பாஸ்போர்ட். என்னோடது. என் மூஞ்சி மேலேயே நீலப் பூ! அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன். அடுத்த இரண்டு பக்கத்திலும் பூ. அது வெறும் தாள், மை ஊறி மறுபக்கம் வரை வந்துவிட்டது.

அடிச்சிட்டேன். முதுகுல ரெண்டு. இதுவரைக்கும் கை ஓங்கினதே இல்ல. ஏன்டி இப்படிப் பண்ணே, ஏன்டின்னு கத்துறேன், 'நீதான் போறியே'ங்கிறா. அழவும் இல்ல.

"நான் போறது உனக்கு எப்படிடி தெரியும்?"

"நீயும் அப்பாவும் சமையல்கட்டுல பேசுனீங்களே. பொங்கலப்போ."

பொங்கலப்பவா! இத்தன நாளும் எம் பக்கத்துலயே படுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்கலையே பாவி மக.

பிப்ரவரி 13

ஏஜென்ட் பஞ்சநாதன் போனில் குதிக்கிறார். "ஏர்போர்ட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க மேடம். புது பாஸ்போர்ட் எடுக்கணும், அப்புறம் புது விசா. அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்காரன் ஒங்களுக்காகக் காத்துக்கினு இருப்பானா?"

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எல்லாம் நல்லதுக்குத்தான்னு வச்சிக்க" என்றார் அறிவழகன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்கதான் அவளத் தூண்டிவிட்டீங்களா?"

சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 14

டீச்சரை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அந்தம்மா பதறிப்போய்விட்டது.

"பாஸ்போர்ட்டுல போறதுக்கு ஒரு சீல், திரும்பி வர்றதுக்கு ஒரு சீல்னு சொல்லிக் குடுத்தேங்க. செந்தமிழுதான், வர்ற சீல முன்னாடியே வச்சிடலாமா டீச்சர்னு கேட்டா. வெளாட்டுதானேன்னு, வச்சிடலாமேன்னுட்டேன். ஒங்க பாஸ்போர்ட்டுன்னு எனக்குத் தெரியாதுங்க."

 வகுப்பு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் திரும்பி வரணும்னு வச்ச சீலுக்கா அடிச்சேன்?

வீட்டுக்கு வந்ததும் அவளை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருஷம், நடுவில் எப்போது லீவு. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில், "இத ஏம்மா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?" என்றாள். 

பிப்ரவரி 18

பிளேன் போயிருக்கும். நான் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21

புது பாஸ்போர்ட் வந்தாயிற்று. ஆஸ்பத்திரியில் இடம் இன்னும் இருக்கிறதாம், ஏப்ரல் கடைசியில் வந்து சேரச் சொல்கிறார்கள். இந்த முறை செந்தமிழிடம்தான் முதலில் சொன்னேன். "சரி" என்றாள். இவரும் சரி என்றார். இரண்டு பேருமே என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 11, மஸ்கட்

நான் வந்த புதிதில் வீடியோ காலில் என்னைப் பார்த்தாலே செந்தமிழ் உதட்டைப் பிதுக்குவாள். "எப்ப வருவே?" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. போனை வைக்கவே விடமாட்டாள்.

இன்று டூட்டி முடிந்து ஓட்டமாக ரூமுக்கு வந்து போன் போட்டேன். திரையில் பாதி முகம்தான் தெரிந்தது. "ம்மா, சந்தியா வந்திருக்கா. நான் வெளாடப் போறேன், நாளைக்குப் பேசலாமா?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள் அவளே கட் பண்ணிவிட்டாள்.

பிறகு அறிவழகன் போட்டார். "நல்லாத்தான் இருக்கா பிரியா. கவலப்படாத."

இதைத்தானே சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? ரூமில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.