கண்ணில் படாத மாப்பிள்ளை

மார்ச் 3

புது விமானங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குக் குளிரூட்டிய விமானக் கொட்டகை. நாங்கள் ஓட்டும் பழைய போர்விமானங்கள் வழக்கம்போல வெயிலில் காய்கின்றன. புதியதன் தோலில் ஒரு பூச்சு இருக்கிறதாம். ரேடார் அலையை விழுங்கிவிடுமாம். கீறல் விழக்கூடாது என்று, கிட்டே போகிறவன் மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டுமாம். இது போர்விமானமா, பச்சைப் பிள்ளையா?

ஓட்டத் தேர்வானவர்களில் என் தங்கை கணவனும் ஒருவன். சும்மாவே அவனுக்குக் கால் தரையில் படாது.

மார்ச் 8

தங்கை வீட்டில் சாப்பாடு. கை கழுவுவதற்குள் மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டான்.

“மச்சான், உங்க வண்டி ரேடார்ல கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். என்னோடது ஒரு குருவி அளவுதான்.”

“குருவிக்கு மழையில நனஞ்சா சளி பிடிக்குமா மாப்ள?”

தங்கை கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். “ரெண்டு பேரும் சாப்பிடுங்க. இல்ல எந்திரிச்சுப் போங்க.”

சாப்பிட்டோம். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மார்ச் 11

இன்றும் புதியதில் ஒன்று பறக்கவில்லை. கணினி கோபித்துக்கொண்டதாம். எங்கள் விமானத்துக்குக் கோபம் வந்தால் மெக்கானிக் ஒரு தட்டு தட்டுவார், சரியாகிவிடும். கண்ணாடிப் பாத்திரத்தை யார் தட்டுவது?

மார்ச் 17

பயிற்சிப் போர். பழையது நான்கு, புதியது ஒன்று. அதில் மாப்பிள்ளை.

இதை எழுதவே பிடிக்கவில்லை. நான் அவனைப் பார்க்கவே இல்லை. என் திரையில் ஒன்றுமே இல்லை. கழுத்து வலிக்க நாலா பக்கமும் திரும்பித் தேடினேன், வெறும் வானம். தரையிலிருந்து நிதானமாக ஒரு குரல்: “நீங்க செத்தாச்சு, திரும்பி வாங்க.” மற்ற மூவருக்கும் அதே கதி.

இது சண்டையா? கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தலையில் அடிப்பது. எதிரில் வா, திரும்பு, வளை, உடம்பு நசுங்க விமானத்தை இழுத்துத் திருப்பிப் பார். அதற்கு இவர்களிடம் என்ன இருக்கிறது? பொத்தான் அழுத்தும் விரல்.

ஒளிந்தவன் ஜெயித்துவிட்டான் என்பதும் உண்மைதான். அதனால் என்ன? ஒளிந்தவன் ஒளிந்தவன்தான்.

மார்ச் 18

மாப்பிள்ளை உணவறையில் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினான். “பரவால்ல மச்சான், வயசாச்சு இல்ல.” விமானத்துக்கா எனக்கா என்று சொல்லவில்லை.

மார்ச் 20

 

இன்று இரண்டாவது சுற்று. வழக்கம்போல ஆரம்பத்திலேயே ‘செத்து’, திரும்பிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் மாப்பிள்ளை தன் உயரத்தைச் சொன்னான். மறுபடி அதையே சொன்னான். பிறகு சிரித்தான். குடித்தவன் சிரிப்பது போல. வானத்தில் அவன் சிரிக்கிற ஆளில்லை.

அவன் முகமூடிக்கு மூச்சுக்காற்று போகவில்லை. ஆக்சிஜன் நின்றால் முதலில் போவது புத்தி. போனது அவனுக்கே தெரியாது.

“என்ன ஆச்சு?” என்று தரையில் கேட்டார்கள். “எல்லாம் ரொம்ப நல்லாருக்கு” என்றான். கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் திரையில் அவன் இல்லை. சாதாரண நாளில் ரேடாருக்குத் தெரியட்டும் என்று அதன் உடம்பில் மாட்டும் உலோகத் துண்டுகளைப் பயிற்சிக்காகக் கழற்றியிருந்தார்கள். “யாராவது பாக்கறீங்களா? யாராவது?” — அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

ஒளியத் தெரிஞ்சவனே, இப்ப எங்கடா போய்த் தேட?

கண்ணால்தான் தேடினேன். உயரத்தில் ஒரு வெள்ளைப் புகைக் கோடு, நூல் மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். என் கிழட்டு எஞ்சின் கதறியது. பக்கத்தில் போனபோது அவன் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. விமானம் மட்டும் தானாக நேராகப் போய்க்கொண்டிருந்தது, மெல்ல இறங்கக்கூடத் தெரியாமல்.

“அவசர ஆக்சிஜன் வளையத்தை இழுங்கள்” என்று தரையிலிருந்து மரியாதையாகச் சொன்னார்கள். அசையவில்லை. நானும் நல்ல மாதிரி கூப்பிட்டேன். அசையவில்லை. அப்புறம் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

“டேய்! கண்ணாடிப் பாத்திரம்! பொத்தான் அழுத்துறத தவிர உனக்கு என்னடா தெரியும்? ஒரு வளையத்த இழுக்கத் துப்பில்ல, நீயெல்லாம் பைலட்டா? என் தங்கச்சிய உனக்குக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

தலை நிமிர்ந்தது.

“வாய... மூடுங்க மச்சான்.”

“மூடுறேன். இடது பக்கம் வளையம். இழு. இழுடா!”

இழுத்தான். கொஞ்ச நேரம் கழித்து விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. கீழே வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தப் பயமாக இருந்தது.

மார்ச் 21

மருத்துவமனை.  தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: “பேசினதெல்லாம் பதிவாகியிருக்கு மச்சான். மேலதிகாரி முதற்கொண்டு கேட்டாச்சு.”

கேட்கட்டும்.

ஏப்ரல் 2

விசாரணை முடியும்வரை புது விமானங்கள் எல்லாம் தரையில். உணவறையில் எங்கள் ஆள் ஒருவன் சிரித்தான்: “தொட்டாச்சிணுங்கி படுத்துருச்சு.”

“உன்னால அதைக் கண்டுபிடிக்க முடிஞ்சுதா? ஒரு தடவையாவது?” என்றேன்.

“நீங்களா சார் இதக் கேக்கறது?”

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். முட்டாள்.

மே 14

கோளாறைச் சரிசெய்துவிட்டார்களாம். மருத்துவரும் அவனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அவசரக்குடுக்கைகள்.

மே 19

மாப்பிள்ளை இன்று மறுபடி பறந்தான். எனக்கு விடுமுறை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். சும்மா வந்தேன் என்றேன். நாற்காலி கொடுத்தார்கள். உட்காரவில்லை.

தங்கை போன் செய்தாள். “அண்ணா, எங்க இருக்க?”

“வீட்லதான். பேப்பர் படிச்சிட்டு இருக்கேன்.”

“அவர் இறங்கிட்டாரான்னு யார்கிட்டயாவது கேட்டுச் சொல்றியா?”

“இரு... இரு... இப்பதான் சக்கரம் தொட்டுச்சு.”

 அவள் மெதுவாக, “பேப்பர்லயா போட்டிருக்கான்?” என்றாள்.