நான்கு மணி பஸ்

நேற்று மகளுக்கு ஒரு பத்திரத்தின் நகலை அனுப்புவதற்காக, புக்கிட் ரம்பாய்க் கடைவரிசையில் இருக்கும் எழுதுபொருள் கடைக்குப் போனேன். கடைப்பெண் ஃபேக்ஸ் இயந்திரத்தில் தாளைச் செருகி எண்களைத் தட்டினாள். முதலில் மணி அடித்தது. பிறகு அந்தக் கீச்சொலி. அதன் மேல், மணலை அள்ளித் தகரக் கூரையில் வீசியதைப் போல் ஓர் இரைச்சல். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, ஓகே ஆ? கொஞ்சம் உக்காருங்க லா."

"ஒண்ணுமில்லம்மா. வெயில்," என்றேன்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சரியாகப் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தச் சத்தத்தின் முன்னால் மட்டும் எனக்குப் பொய் வந்துவிடுகிறது.

அதே சத்தம் அந்த நாளில் நம் வீட்டு நடு அறையிலிருந்து தினமும் நான்கு மணிக்கு வரும். "இஞ்சின் சூடாவுது," என்பீர்கள். மகள் புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். தொலைபேசிக் கம்பியில் மாட்டும் மோடம் என்ற சிறு பெட்டியும் அதோடு வந்தது. கோலாலம்பூரில் சிலர் ஒரு விளையாட்டை நடத்தினார்கள். மோடம் அவர்களுடைய எண்ணை அழைக்கும், அந்தப் பக்கம் இன்னொரு இயந்திரம் எடுக்கும், பிறகு திரையில் எழுத்துகள் ஓடும். படமே கிடையாது. துறைமுகம், காடு, கோட்டை எல்லாம் சொற்கள்தாம். பல ஊர்களிலிருந்து ஆட்கள் புனைபெயரில் அங்கே வந்து, வாள் எடுத்து, பூதங்களோடு சண்டை போட்டார்கள்.

உங்களுக்கு வாள் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் மலாக்காவிலிருந்து செலண்டாருக்குப் பஸ் ஓட்டியவர் நீங்கள். "கோட்டைலேருந்து துறைமுகத்துக்கு எல்லாம் நடந்தே போறாங்க, பாவம்," என்று சொல்லி, ஒரு பஸ் வேண்டுமென்று விளையாட்டை நடத்தியவர்களிடம் கேட்டீர்கள். அவர்களும் வேடிக்கையாக ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் 'பஸ் அங்கிள்'. நம் பக்கத்து ஊர்ப் பெயர்களையே எடுத்து, துறைமுகத்துக்கு உம்பாய் என்றும் காட்டுக்குச் செலண்டார் என்றும் பெயர் வைத்தீர்கள். புதிதாக வந்து வழி தெரியாமல் நிற்பவர்கள் உங்கள் பஸ்ஸில்தான் ஏறினார்கள். மலாக்காவையே பார்க்காத ஆட்கள், "அங்கிள், உம்பாய்ல எறக்கி விடுங்க," என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். அந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கண் கூசும். உங்கள் பின்னால் நின்று பிழை சொல்வேன். "சரிங்க, மதர் சுப்பீரியர்," என்று கன்னியாஸ்திரீ மடத்துத் தலைவியிடம் சொல்வதைப் போல் சொல்லிவிட்டு அதே பிழையோடு அனுப்புவீர்கள்.

அவர்களில் மின்மினி என்ற பெயரில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி அடிக்கடி சொன்னீர்கள். தைப்பிங்கில் இருப்பதாக மட்டும் தெரியும். "அந்தப் புள்ளைக்கு நடக்க முடியாதாம். வீட்ட விட்டு வெளிய போனதே இல்லையாம். என் பஸ்லதான் ஊர் சுத்துது." நான் இஸ்திரி போட்டுக்கொண்டே, "விளையாட்டுப் பஸ்ஸுக்கு இவ்வளவு அவசரமா?" என்று கேட்டேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "ஸ்டாப்புல ஆள் நிக்குதுன்னா அது விளையாட்டு இல்ல."

நான் உங்களை மணந்ததை எல்லாரும் என் பெருந்தன்மை என்று பேசினார்கள். நானும் அதை மறுக்கவில்லை. கான்வென்டில் படித்து வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், தோட்டப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டினாள். அந்த உயரத்திலிருந்து நான் இறங்கவே இல்லை. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் பிரிப்பேன், நான்தான் வாசித்துச் சொல்வேன். நீங்கள் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தீர்ப்பைக் கேட்பவரைப் போல் உட்கார்ந்திருப்பீர்கள். திரையில் வரும் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள் உங்களுக்குப் பழகியிருந்தன. ஆனால் தாளில் அச்சடித்து வந்தால் பார்க்கக்கூட மாட்டீர்கள். "மதர் வாசிச்சா சரியாத்தான் இருக்கும்."

ஒரு சனிக்கிழமை என் பள்ளித்தோழிகள் மூன்று பேர் தேநீருக்கு வந்தார்கள். நல்ல பீங்கான் கோப்பைகளை எடுத்து வைத்திருந்தேன். நான்கு மணி ஆனது. நடு அறையில் கீச்சொலி எழுந்தது. அது அடங்கியதும் உங்கள் குரல். திரையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உங்களுக்கு. "ஏறுங்க, ஏறுங்க! உள்ளுக்குப் போங்க லா, கதவுகிட்ட நிக்காதீங்க!"

தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏய், உன் ஹஸ்பண்ட் யாரை ஏத்துறாரு உள்ளே?"

"ரிட்டயர் ஆயிட்டாரு, ஆனா டியூட்டி முடியல போல!"

"எங்களையும் வீட்டுல விடச் சொல்லு லா!"

சிரிப்பு அடங்குவதற்குள் நீங்களே கைலியோடு வெளியே வந்தீர்கள். அவர்கள் சிரித்ததை உங்கள் மேல் கொண்ட பிரியம் என்று நினைத்து நீங்களும் சிரித்தீர்கள். "சீட் இருக்கு, வாங்க," என்றீர்கள். எனக்குக் காது வரை எரிந்தது.

அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மாத முடிவில் சேவையை நிறுத்துகிறார்கள். இயந்திரங்களை அணைத்துவிடுவார்கள். வீரர்களும் கோட்டைகளும் அவர்கள் கட்டியவை எல்லாமும் அழிந்துபோகும், மீட்க முடியாது. புனைபெயரில் மட்டுமே பழகியவர்கள் இதற்குப் பிறகும் தொடர்பில் இருக்க விரும்பினால், உண்மைப் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்ப வேண்டும். வருகிற பெயர்களைப் பட்டியலாக்கி எல்லாருக்கும் தபாலில் தருவார்கள். சுத்தமான ஆங்கிலம், ஒரு பிழைகூட இல்லை.

"யாரு போட்டிருக்கா?" என்று கேட்டீர்கள்.

"விளம்பரம்," என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டு உங்கள் தேநீரை எடுத்துக்கொண்டு போனீர்கள். வாசிப்புப் போட்டியில் கன்னியாஸ்திரீகள் எனக்குப் பரிசாகக் கொடுத்த ஆங்கில அகராதிக்குள் கடிதத்தை வைத்தேன். நம் வீட்டில் நீங்கள் தொடாத ஒரே புத்தகம் அது.

கோபத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் கோபம் அந்த வாரம்கூட நிற்கவில்லை. மாத முடிவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் நான்கு மணிக்கு நீங்கள் பஸ்ஸை எடுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேவை நிற்கப்போவதைப் பற்றி அங்கே வந்தவர்கள் பேசியிருப்பார்களே, உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்தேன். அவர்கள் பேசியிருக்கிறார்கள். "என்னமோ மூடப் போறாங்கன்னு ஒரு பையன் சொல்றான்," என்று ஒருநாள் வந்து கேட்டீர்கள். "அப்படி இருந்தா நமக்கு லெட்டர் வந்திருக்குமே?"

"ஆமா, வந்திருக்கும்," என்றேன்.

அந்த வார்த்தையை நம்பி, மூட மாட்டார்கள் என்று நீங்கள் மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பீர்கள்.

பிறகு ஒருநாள் கீச்சொலி எழவில்லை. அந்தப் பக்கம் மணி மட்டும் அடித்தது, எடுக்க ஆளில்லை. பனியன் துணியால் மோடத்தைத் துடைத்தீர்கள். கம்பியைக் கழற்றி மாட்டினீர்கள். மறுநாளும் நான்கு மணிக்கு, அதற்கு மறுநாளும். தொலைபேசிக்காரரை வரவழைத்தீர்கள். அந்த மலாய்க்காரத் தம்பி கம்பியைச் சோதித்துவிட்டு, "லைன் ஓகே, பாக்சிக்," என்று உங்களை மலாயில் மாமா முறை வைத்துச் சொன்னான். நான் அவனுக்குத் தேநீர் கொடுத்தேன்.

அவன் போனதும் நீங்கள் மோடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "முப்பது வருஷத்துல ஒரு நாளும் பாசஞ்சர பாதி வழியில எறக்கிவிட்டது இல்ல. இப்ப யாரு எங்க நிக்கிறாங்கன்னே தெரியல." பிறகு, "நீ நல்லா எழுதுவ. அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேளேன்," என்றீர்கள்.

"பாக்கலாம்," என்றேன். எதையும் இரண்டு முறை கேட்கிறவர் அல்ல நீங்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட எனக்கு ஏதோ ஒரு மூலையில் மன்னிப்பு இருந்திருக்கும். சில வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. பட்டியல். புனைபெயர், அதற்கு எதிரே உண்மைப் பெயர், முகவரி. மின்மினிக்கு எதிரே தைப்பிங்கில் ஒரு வீட்டு எண் இருந்தது. பஸ் அங்கிள் என்பதற்கு எதிரே, 'பதில் வரவில்லை' என்று அச்சாகியிருந்தது. பட்டியலோடு ஒரு சிறு துண்டுத்தாளும் இருந்தது. அந்தப் பெண் உங்களிடம் சேர்க்கும்படி கேட்டு அனுப்பியிருந்தாள். நான் வெறுத்த அதே எழுத்தில் இரண்டு வரி. "அங்கிள், கோவமா? நான் உம்பாய் ஸ்டாப்புலதான் நிக்கிறேன்."

அதை உங்கள் கையில் கொடுத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் கொடுத்தால் முதல் கடிதம் எங்கே என்று கேட்பீர்கள். மதர் வாசித்தது சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. அகராதி இன்னும் கொஞ்சம் தடித்தது.

அடுத்த மழைக்காலத்தில் சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைக் கொண்டுபோனது. மருத்துவமனையில் கடைசி வாரம் நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணை மூடுவதுமாக இருந்தீர்கள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் உங்கள் தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன். சாவு வீட்டுக்கு ஜாசினிலிருந்தும் செலண்டாரிலிருந்தும் பழைய பஸ்காரர்கள் வந்தார்கள். என் தோழிகளும் வந்து, "எவ்வளவு ஜாலியான மனுஷன்," என்று அழுதார்கள். நீங்கள் கடைசியாக ஏற்றிச் சென்றவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இருந்த ஒரே ஆள் நான்.

நேற்று ஃபேக்ஸ் கடையிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அகராதியைத் திறந்தேன். இன்று நான்கு மணிக்கு உங்கள் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். பள்ளி மேடையில் வாசித்ததைப் போல் நிறுத்தி, தெளிவாக, ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் வாசித்தேன். கடைசியில் அந்தத் துண்டுத்தாளை எடுத்தேன். அதையும் வாசித்தேன்.

பிறகு தைப்பிங்குக்கு எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண் இன்னும் அந்த முகவரியில் இருக்கிறாளா, தெரியாது. இருந்தால், இத்தனை வருஷமும் நீங்கள் அவள்மேல் கோபித்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். முதலில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் வருந்துகிறேன், எதிர்பாராத விதமாக, துரதிர்ஷ்டவசமாக என்றெல்லாம் வந்தது. பிழையே இல்லை. உண்மையும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

இப்போது உங்களைப் போலவே, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வரிதான் ஆகியிருக்கிறது.

"அம்மா மின்மினி, பஸ் வராததுக்கு டிரைவர் காரணமில்ல. அவர் தினமும் நாலு மணிக்கு வண்டிய எடுத்தார். ரோட்ட மறிச்சது நான்."